வரவேற்பு மெனுவில் ‘கறி’: குடும்பக் குழு உரையாடல்

செல்வி: அச்சகத்திலிருந்து மெனு கார்டு மாதிரி வந்துவிட்டது. எல்லாரும் பாருங்கள். ஆறு மணிக்குள் சரி சொல்ல வேண்டும்.

செல்வி: (படம்)

மதுரை அத்தை: நன்றாக இருக்கிறது 🙏

பாபு: பிள்ளையார் கொஞ்சம் சாய்ந்திருக்கிறாரே

அம்மா: சம்பந்தி அம்மா போன் செய்தார்கள். ‘வாழைக்காய் கறி’ என்று பார்த்ததும் பதறிவிட்டார்கள். கல்யாண வரவேற்பில் கறியா என்று.

பாபு: முன்னால் வாழைக்காய் இருக்கிறதே

அம்மா: அவர்கள் வீட்டில் கறி என்றால் ஆடும் கோழியும்தான்

மதுரை அத்தை: இங்கேயும் அப்படித்தான் அண்ணி. பொரியல் என்று போட்டுவிடுங்கள்.

ராஜு சித்தப்பா: பொரியல் எப்படி ஆகும்? பொடி தூவி வதக்கினால் கறி. அம்மா காலத்திலிருந்து நம் வீட்டில் அதுதான் பெயர்.

அருண்: ஆங்கிலப் பக்கத்தையும் பாருங்கள். ‘பனானா கர்ரி’ என்று இருக்கிறது. லண்டனிலிருந்து வரும் என் ஆபீஸ்காரர்கள் கிண்ணத்தில் குழம்பை எதிர்பார்ப்பார்கள்.

ராஜு சித்தப்பா: அருண், மூன்று பேர் சொல்வதும் சரிதான். கறித்தல் என்றால் கடித்துத் தின்பது. அகராதியில் கறி என்ற சொல்லுக்குக் காய், இறைச்சி, மிளகு எல்லாமே பொருள். அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர் கப்பல்கள் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று வருகிறது. அந்தக் கறி மிளகு. பிறகு போர்த்துக்கீசியர் இந்தச் சொல்லை ‘கரில்’ என்று எடுத்துப் போனார்கள். 1598இல் ஒரு டச்சுப் பயணியின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, சோற்றின்மேல் ஊற்றும் மீன் சாறு என்று எழுதினார்கள். அங்கேயே குழம்பு ஆகிவிட்டது. 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் கர்ரி செய்முறை இருக்கிறது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 1810இல் லண்டனில் உணவகமே திறந்துவிட்டார்.

பாபு: மாமா, பந்தல்காரர் பாக்கி யார் கொடுப்பது?

அம்மா: அது தனியாகப் பேசலாம் பாபு

மதுரை அத்தை: சம்பந்தி ஒரு போன் செய்தால் கார்டே மாறும். செல்வி கல்யாணத்தில் என்னைக் கேட்டா பால் பாயசத்தை எடுத்தீர்கள்?

செல்வி: அத்தை ப்ளீஸ்

அருண்: சித்தப்பா, மேலதிகாரியைக் காக்கா பிடிப்பதை ஆபீஸில் ‘கர்ரி ஃபேவர்’ என்பார்கள். அதுவும் நம் கறியா?

ராஜு சித்தப்பா: இல்லவே இல்லை. எழுத்து ஒன்று, வேர் வேறு. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சீர்படுத்துவது என்று பொருள். குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கும், பதனிட்ட தோலை மெருகேற்றுவதற்கும் கர்ரி என்பார்கள். லாயத்தில் இருக்கும் சீப்புக்கும் அந்தப் பெயர் உண்டு. 1310களில் பிரான்சில் ஃபோவெல் என்ற குதிரையை வைத்து ஒரு நீண்ட கவிதை எழுதினார்கள். அந்தக் குதிரை அரண்மனைக்கே போய்விடும். அரசர் முதல் குருமார் வரை வந்து அதைத் தேய்த்துவிட்டுக் காரியம் சாதிக்கப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவல்’ என்று இருந்தது, வாய் மாறி ‘ஃபேவர்’ ஆகிவிட்டது.

பாபு: குதிரைக்கே இவ்வளவு மரியாதையா

நித்யா: அப்பா, எங்கள் கம்ப்யூட்டர் பாடத்தில் ‘கர்ரியிங்’ இருக்கிறது. பல உள்ளீடு கேட்கும் ஒரு ஃபங்ஷனை, ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றுவது.

ராஜு சித்தப்பா: அது எங்கிருந்து வந்தது?

நித்யா: ஹாஸ்கெல் கர்ரி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் பெயர். 1982இல் இறந்தார். ஆனால் ஷோன்ஃபிங்கெல் என்பவர் 1924லேயே அதை எழுதிவிட்டார்.

ராஜு சித்தப்பா: அப்படியானால் அது மூன்றாவது வேர். குறித்துக்கொள்கிறேன் கண்ணு.

அம்மா: எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். சம்பந்தியிடம் என்ன சொல்ல?

ராஜு சித்தப்பா: தமிழில் கறியை எடுக்காதீர்கள் அண்ணி. நம் சொல்லை ஊரெல்லாம் வைத்துச் சாப்பிடுகிறது. நம் வீட்டுக் கார்டிலேயே அடிக்கலாமா? வேண்டுமானால் ‘வாழைக்காய் பொடிக்கறி’ என்று போடலாம். சம்பந்தி அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

மதுரை அத்தை: நீ பேசினால் ராத்திரி ஆகிவிடும் ராஜு

அருண்: ஆங்கிலத்தில் கர்ரி வேண்டாம். ‘டிரை’ என்று ஏதாவது சேர்த்துப் போடுங்கள்.

செல்வி: பொடிக்கறிக்கு யார் யார் சரி?

நித்யா: 👍

பாபு: பொரியல்

மதுரை அத்தை: பொரியல்

செல்வி: மணி ஐந்தே முக்கால். இப்போதுதான் சமையல்காரர் கூப்பிட்டார். வாழைக்காய் சரியாக வரவில்லையாம், சேனை போடட்டுமா என்கிறார்.

மதுரை அத்தை: சேனையா? அரிக்குமே

ராஜு சித்தப்பா: புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிக்காது. சேனைக் கறி இன்னும் நன்றாக இருக்கும்.

அம்மா: மறுபடியும் கறியா! செல்வி, அச்சகத்தில் நாளைக் காலை வரை நேரம் கேள். அப்பா குளிக்கப் போயிருக்கிறார், வரட்டும்.