'எந்த சீட்?' என்று முதலில் கேளுங்கள்: குமரி மாவட்டப் பெற்றோரின் அனுபவங்கள்

கருங்கல் பக்கம், தையல் தொழில் செய்யும் அம்மா:

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் நம்ம மாவட்டத்தில் வீடு வீடாக ஆள் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியின் பெயரைச் சொன்னார். பிள்ளை என்ன மார்க் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. "இப்ப பத்தாயிரம் கட்டுங்க, சீட் உறுதி. மிச்சத்துக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, நாங்களே வாங்கித் தந்துருவோம்" என்றார். மார்க் ஷீட், டிசி எல்லாம் ஒரிஜினலாகவே வேண்டுமாம். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜுக்குப் போனதில்லை. அவர் சொன்னதெல்லாம் நல்ல செய்தியாகத்தான் பட்டது.

அந்த நேரம் என் கொழுந்தன் வந்திருந்தார். சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" என்று கேட்டார். "எல்லாம் ஒண்ணுதான், எங்க காலேஜ்லதானே படிக்கப் போறா" என்று பதில் வந்தது. கொழுந்தன் என் கணவரிடம், "அண்ணே, இப்ப பணம் குடுக்காண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அவர் பிறகு விளக்கியதுதான் முக்கியம். மார்க் வரிசையில் அரசு ஒதுக்கும் இடம் கவுன்சிலிங் சீட்; கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தருவது மேனேஜ்மென்ட் சீட். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கணக்கில், தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட் என்றால் 85,000, 87,000. அதற்கு மேல், முதல் பட்டதாரி சலுகை என்று வருடத்துக்கு 25,000 ரூபாயை அரசே தருகிறது. அது கவுன்சிலிங்கில் வருகிற பிள்ளைக்கு மட்டும்தான். அதே கல்லூரி, அதே வகுப்பு, பக்கத்து பெஞ்ச். ஒரு பிள்ளைக்கு டியூஷன் 30,000, இன்னொரு பிள்ளைக்கு 87,000. மே மாதம் அவசரப்பட்டுக் கட்டும் முன்பணம்தான் அந்த வித்தியாசத்தை முடிவு செய்கிறது.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் விசாரித்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். அதனால் கவுன்சிலிங் பதிவு தொடங்கும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

கவுன்சிலிங்கில் இடம் கிடைத்ததும் கல்லூரி கொடுத்த கட்டணத் தாளை என் மகள் நான் அளவு எழுதி வைக்கும் நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள்: டியூஷன், பஸ், பரீட்சை, புத்தகம், யூனிஃபார்ம், வேலைவாய்ப்புப் பயிற்சி. நான்கு வருடத்துக்கும் தனித்தனி வரிசை. அப்படி எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, சலுகை போகக் கட்டும் டியூஷனுக்கும் பஸ் கட்டணத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அரசின் சலுகை டியூஷனுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் நம் கைக்காசு. வாய்வார்த்தையாக ஒரு மொத்தத் தொகை சொன்னால் ஏற்காதீர்கள், தாளில் பிரித்து எழுதிக் கேளுங்கள்.

குளச்சல், மீன்பிடிக் குடும்பம்:

அக்கா சொன்னது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எந்தப் பள்ளியில் படித்தான் என்பதும் கணக்கில் வரும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-இலும் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் டியூஷன், ஹாஸ்டல் எல்லாம் அரசு பார்த்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம்ம மாவட்டத்தில்தான் சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் எவ்வளவு! கடற்கரை ஊர்களில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். ஆசிரியருக்கு அரசு சம்பளம், புத்தகம் இலவசம், ஆனாலும் அது இந்த ஒதுக்கீட்டில் வராது. என் மகனும் அப்படிப்பட்ட பள்ளிதான். அவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இந்தப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே கடலில் தொழில் செய்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிப் பெயரை வைத்துப் பிரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் தமிழ்ப் புதல்வன் அவனுக்குக் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். தமிழ் வழியில் உதவி பெறும் பள்ளியில் படித்த பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் 2022-இல் தொடங்கியபோது அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது, பிறகு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும்.

அவன் பி.எஸ்சி. சேர்ந்தான். நாகர்கோவிலில் உள்ள பழைய கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்கும்போது "எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" என்று கேளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டும் நடக்கும். அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்களோடு நடக்கும் பிரிவில் கட்டணம் மிகக் குறைவு. சுயநிதிப் பிரிவில் பல மடங்கு. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு கலைக் கல்லூரியையும் மறக்காதீர்கள். அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் அங்கும் கல்வி உதவிக்கு மனு கொடுக்கலாம்.

தமிழ்ப் புதல்வன் பணம் வராவிட்டால் கல்லூரியோடு சண்டை போடும் முன் ஆதாரைப் பாருங்கள். எங்களுக்கு முதலில் வரவே இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக் கொடுத்த ஒரு பழைய கணக்கோடுதான் அவன் ஆதார் இணைந்திருந்தது. நாங்கள் கொடுத்த பாஸ்புக் வேறு. வங்கியில் ஒரு தாள் எழுதிக் கொடுத்து, புதிய கணக்குக்கு மாற்றிய பிறகுதான் பணம் விழுந்தது.

தக்கலை, ஒரு அப்பா:

என் மூத்தவன் பி.ஏ. முடித்துவிட்டான். அதனால் மகளுக்கு முதல் பட்டதாரி கிடையாது. கல்விக் கடனுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஒரு வங்கியில், "உங்க ஊரு எங்க சர்வீஸ் ஏரியா இல்ல" என்றார்கள். இன்னொன்றில், "பத்திரம் கொண்டு வாங்க" என்றார்கள்.

இரண்டுமே விதிப்படி சரியில்லை. 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரையும் கடன் உத்தரவாத நிதியின் கீழ் ஈடு இல்லாமல் தரலாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். சர்வீஸ் ஏரியாவைச் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நான் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு, அதன் நகலோடு போய், "சார், முடியாதுன்னா எழுதித் தாங்க" என்று மரியாதையாகக் கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். அப்புறம் மகள் அங்கே படிக்கிறாள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றும் முழுக் கட்டண விவரமும் கேட்டார்கள்.

அங்கேயும் முதல் கேள்வி இதுதான்: மகளுக்கு இடம் எப்படிக் கிடைத்தது? கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டியதும் பேச்சு சுலபமானது. வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்புக்கு, படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் வரும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும், தானாக வராது.

பெண் பிள்ளைகள் உள்ளவர்கள், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகையைத் தவறவிடாதீர்கள். வருடத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. டிப்ளமோவுக்கும் உண்டு. தேசிய உதவித்தொகை தளத்தில்தான் விண்ணப்பம். முதல் வருடத்திலேயே போட வேண்டும் என்பதால் மகள் சேர்ந்த உடனே அதைச் செய்தோம்.

குலசேகரம், ஒரு அண்ணன்:

என் சித்தப்பா மகளை நர்சிங் என்று சொல்லி வெளிமாநிலத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே போனபின் கட்டணம் இரண்டு மடங்கு. திரும்பி வரலாம் என்றால் ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி கையில். சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மழைக்காலத்தில் வேலையே இருக்காது. கடன் வாங்கி மொத்தத்தையும் கட்டித்தான் மீட்டார். சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி-யும் ஏஐசிடிஇ-யும் சொல்லியிருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கருங்கல் அம்மா, மறுபடியும்:

வருமானச் சான்றிதழ் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும் உதவித்தொகைக்கும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பார்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஜூனில் இ-சேவையில் நிற்க இடம் இருக்காது. அளவு நோட்டில் எழுதிய அந்தக் கட்டணக் கணக்கைப் படம் எடுத்துப் போடுகிறேன். உங்கள் கல்லூரித் தொகையை அதில் நிரப்பிப் பாருங்கள்.