ஸ்ட்ராஸ்பர்கை 2012இல் உட்கார வைத்தது சரியா?

மேரிலாந்து மைனர்:
2025 ஜூலையில் மைக் ரிஸ்ஸோவை வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணி ஜெனரல் மேனேஜர் பதவியிலிருந்து அனுப்பியதிலிருந்து அவர் புகழ் பாடும் பதிவுகள் நிறையக் கண்ணில் படுகின்றன. 2019 வேர்ல்ட் சீரிஸ் கோப்பைக்காகப் பாடட்டும், நானும் சேர்ந்து பாடுகிறேன். ஆனால் "ஸ்ட்ராஸ்பர்க் கையைக் காப்பாற்றியவர்" என்று ஒரு வரியைச் செருகுகிறார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பிற்பாடு பேஸ்பால் பார்க்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2009இல் முதல் ஆள். 2010 ஜூனில், முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க்கின் 14 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார், ஒரு ‘வாக்’ (நான்கு தப்புப் பந்துக்கு இலவசமாக முதல் தளம்) கூடக் கொடுக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் முழங்கைத் தசைநாருக்கு டாமி ஜான் அறுவை (கிழிந்த தசைநாருக்குப் பதில் வேறொன்றைக் கோத்துக் கட்டுவது). அதன்பின் முதல் முழு சீசன் 2012. 28 ஆட்டம், 15 வெற்றி, 6 தோல்வி, 159⅓ இன்னிங்ஸ் (மூன்று பேரை அவுட் செய்தால் ஒரு இன்னிங்ஸ்), 197 ஸ்ட்ரைக்அவுட். அணிக்கு 98 வெற்றி, மேஜர் லீகிலேயே முதலிடம். வாஷிங்டன் நகரம் 1933க்கு அப்புறம் அக்டோபர் பேஸ்பாலையே, அதாவது கோப்பைக்கான பிளேஆஃபையே, பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் செப்டம்பர் 7ஆம் தேதி ஆட்டத்தோடு, அறுவை செய்த கையைக் காப்பாற்ற "இனி வீச வேண்டாம்" என்று முடிவு. அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுடன் ஐந்து ஆட்டத் தொடர். கடைசி ஆட்டத்தில் 6-0 என்று முன்னால் இருந்து 9-7 என்று தோற்றோம். நம் முதல் பிட்சர் டக்அவுட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை இன்னிங்ஸ் வீசினால் கை தாங்கும் என்று அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகக் கையில் இருந்த வாய்ப்பை விட்டுக்கொடுத்தார்கள். சரி என்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன். முதலில், இது ரிஸ்ஸோ திடீரென்று கண்ட கனவு இல்லை. நம் இன்னொரு பிட்சர் ஜோர்டன் ஜிம்மர்மனுக்கு 2009இல் அதே அறுவை. 2011இல் 161⅓ இன்னிங்ஸோடு அவரையும் நிறுத்தினார்கள். அப்போது யாரும் மூச்சு விடவில்லை, ஏனென்றால் அணி 80 வெற்றி, 81 தோல்வி என்று நடுவில் கிடந்தது. மறுவருஷம் ஜிம்மர்மன் நன்றாகவே வீசினார். ஒருவருக்கு வைத்த விதியை அடுத்தவருக்கும் வைத்தார்கள். சீசன் தொடங்கும் முன்பே சொல்லியும் விட்டார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க் 2011இல் மேஜர் லீகில் வீசியது 24 இன்னிங்ஸ். அங்கிருந்து 159. வயது 24. இதற்கு மேல் ஏற்றச் சொல்கிறீர்கள், அதுவும் அக்டோபர் அழுத்தத்தில்.

அப்புறம் அந்தத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் 7-5 என்று முன்னால் இருந்தோம். இரண்டு பேர் அவுட். டுரூ ஸ்டோரன் வீசுகிறார். யாடியர் மொலினாவுக்கும் டேவிட் ஃப்ரீஸுக்கும் வாக். இரண்டு முறை ஒரே ஒரு ஸ்ட்ரைக்தான் பாக்கி. டெஸ்கால்சோ அடித்துச் சமன் செய்தார், கோஸ்மா அடித்து முடித்துவைத்தார். தோற்றது புல்பென் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பிட்சர்கள்). ஸ்ட்ராஸ்பர்க் புல்பென் ஆள் இல்லையே?

மேரிலாந்து மைனர்:
அந்த ஒன்பதாவது இன்னிங்ஸைத் தனியாக வெட்டி எடுத்துக் காட்டுவதுதான் உங்கள் பக்கத்து வழக்கம். ஐந்தாவது ஆட்டம் வரை போனது ஏன்? இரண்டாவது ஆட்டத்தில் ஜிம்மர்மன் மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன், 12-4 தோல்வி. மூன்றாவதில் எட்வின் ஜாக்சன், 8-0 தோல்வி. முதல் ஆட்டம் ஸ்ட்ராஸ்பர்க் கையில் இருந்திருந்தால் எல்லாரும் ஒரு இடம் கீழே இறங்குவார்கள், ஜாக்சன் முழு நேரமும் புல்பெனில் இருப்பார். ஸ்டோரன் முந்தின நாளும் வீசியவர். ரொட்டேஷனில் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களின் சுழற்சியில்) ஒரு ஆள் குறைந்தால் அதன் பாரம் கடைசியில் புல்பென் தலையில்தான் விழும்.

செயின்ட் லூயிஸ் செல்வி:
கார்டினல்ஸ் ரசிகையாக உங்கள் துக்கத்தில் கொஞ்சம் உப்பு தூவிவிட்டுப் போகிறேன். எங்கள் பிட்சர் ஆடம் வெயின்ரைட்டுக்கு டாமி ஜான் அறுவை 2011 பிப்ரவரியில். ஸ்ட்ராஸ்பர்குக்குப் பின்னால். 2012இல் அவர் 198⅔ இன்னிங்ஸ் வீசினார், யாரும் நிறுத்தவில்லை, அதே ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான். அடுத்த வருஷம் 241⅔. 2023இல் 200ஆவது வெற்றியோடுதான் ஓய்வு. நன்றி, வணக்கம்.

கணக்குப்பிள்ளை:
செல்வி அக்கா, அந்த ஐந்தாவது ஆட்டத்தில் அவர் 2⅓ இன்னிங்ஸில் 6 ரன் கொடுத்ததை வசதியாக விட்டுவிட்டீர்கள்! மேலும் வெயின்ரைட்டுக்கு அப்போது 31 வயது. அறுவைக்கு முந்தைய இரண்டு வருஷமும் 230 இன்னிங்ஸ் சுமந்த உடம்பு. 24 வயதுப் பையனோடு அவரை ஒப்பிட முடியாது.

செயின்ட் லூயிஸ் செல்வி:
6 ரன் கொடுத்தார், ஆனாலும் ஜெயித்தோம். அதுதானே விஷயம் :)

புல்பென் பூசாரி:
ரிஸ்ஸோ சரியா தப்பா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விவகாரத்தில் ஊடகம் நடந்துகொண்ட விதத்தை யாராவது பேச வேண்டும்.

2010 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் முன்கையில் வலி என்று ஸ்ட்ராஸ்பர்க் களத்தை விட்டுப் போனார். நேஷனல்ஸ் ஆட்டங்களுக்கே தொலைக்காட்சி வர்ணனை செய்துகொண்டிருந்த ராப் டிபிள், வானொலி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, வலியைப் பொறுத்துக்கொள், இதுதான் உன் தொழில் என்ற பாணியில் அறிவுரை வழங்கினார். சில நாளில் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. டிபிளின் வேலையும் போனது.

2012இல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் "இன்னும் இத்தனை இன்னிங்ஸ்தான்" என்று கவுண்ட்டவுன். ஆகஸ்ட் முழுக்க இதே பேச்சு. உண்மையில் கடைசி ஆட்டம் செப்டம்பர் 12, நியூயார்க் மெட்ஸோடு என்றுதான் திட்டம். 7ஆம் தேதி மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்ததும், ஊடகச் சத்தத்தில் பையனால் மனதை ஒருநிலைப்படுத்த முடியவில்லை என்று மேனேஜர் டேவி ஜான்சனே சொல்லி ஒரு ஆட்டம் முன்பாகவே முடித்துவிட்டார்.

2017ஐ மறந்துவிட்டீர்களா? பிளேஆஃபில் சிகாகோ கப்ஸோடு நான்காவது ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. ஸ்ட்ராஸ்பர்குக்கு உடம்பு சரியில்லை, அவர் வீசமாட்டார் என்று செய்தி. ஒரு ராத்திரிக்குள் கோழை, மென்மையானவன் என்று எத்தனை தீர்ப்பு! மறுநாள் ரிக்லி ஃபீல்டில் அதே உடம்போடு ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ரன்கூட இல்லை. அதற்கு மேல் "போராளி" என்று கட்டுரை எழுதியவர்களும் முந்தின நாள் கூட்டம்தான். எந்தப் பக்கம் எழுதினாலும் அவர்கள் கைக்கு ஒன்றும் ஆகாது, பாருங்கள்.

மேரிலாந்து மைனர்:
பூசாரி, ஊடகத்தைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியது நிர்வாகம். வரம்பு உண்டு என்று அறிவித்தார்கள், எண்ணை மட்டும் சொல்லவில்லை. 160 என்பது ஜிம்மர்மனை வைத்து வெளியில் இருந்தவர்கள் போட்ட கணக்கு. எண் சொல்லாமல் வரம்பு மட்டும் அறிவித்தால் நாள்தோறும் கேள்வி வராமல் என்ன வரும்? நிருபர் கேட்கத்தான் செய்வார், அது அவர் வேலை.

திருச்சி ஆர்ம்:
நான் கிரிக்கெட் ஆள், பேஸ்பால் இப்போதுதான் பழகுகிறேன். இது அப்படியே நம் பும்ரா கதை. 2025 இங்கிலாந்துத் தொடரில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கத்தினார்கள். கடைசியில் இந்தியா ஜெயித்த இரண்டு டெஸ்ட்டும் அவர் ஆடாதவை!

இடதுகை:
தம்பி, நிர்வாகத் தலைவலி ஒன்றுதான், உடம்பு வேறு. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் கையை நீட்டி வீசுகிறார், பாரம் பெரும்பாலும் கீழ் முதுகில் இறங்கும். பும்ராவுக்கு அறுவை முதுகில்தானே. பிட்சர் முழங்கையை மடக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, சாட்டை மாதிரி சுழற்றுகிறார். அந்த ஒரு கணத்தில் முழங்கையின் உள்பக்கத் தசைநார் இழுபடுகிறது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்தது, டாமி ஜானின் மறுகை முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து அங்கே கோத்துக் கட்டியதுதான். அதற்குப் பிறகு அவர் 164 ஆட்டம் ஜெயித்தார். ஒன்றைக் கவனியுங்கள், டாமி ஜான் வேகத்தை நம்பிய ஆள் இல்லை.

இந்த இழையில் எல்லாரும் இன்னிங்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னிங்ஸ் ஒரு முரட்டு அளவு. சோம்பலாக 12 பந்தில் முடிந்த இன்னிங்ஸும், ஆட்கள் தளங்களில் நிற்க 30 பந்து முழு மூச்சோடு வீசிய இன்னிங்ஸும் கணக்கில் ஒன்றுதான். முழங்கைக்கு அப்படி இல்லை. மேஜர் லீகில் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல். 2024இல் 94.2. லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட காய அறிக்கையில் வேகத்தையும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசும் பழக்கத்தையும்தான் முக்கியமாகச் சுட்டியது. பள்ளிப் பையன்களை ரேடார் கருவி முன் நிறுத்தி, அந்த எண்ணைப் பார்த்துத்தான் கல்லூரியும் டிராஃப்டும் எடுக்கின்றன. 17 வயதிலேயே கை பாதி செலவாகிவிடுகிறது. அப்புறம் 24 வயதில் 160ஆ 190ஆ என்று வாதாடி என்ன பயன்?

ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் யாரும் பேசாத பகுதி எனக்கு இதுதான். 2010இல் அவருடைய சராசரி வேகம் 97 மைலுக்கு மேல். 2019இல் 94ஐ ஒட்டி. அந்த 2019தான் அவருடைய மிகச் சிறந்த வருஷம்! கர்வ்பாலையும் (வளைந்து இறங்கும் பந்து) சேஞ்சப்பையும் (வேகம் குறைத்து வீசும் பந்து) வைத்து ஆளை ஏமாற்றக் கற்றுக்கொண்டார். நடுவில் 2017இல் சுற்றி வீசுவதையே விட்டு, தளத்தில் ஆள் இல்லாதபோதும் ஸ்ட்ரெச்சிலிருந்தே (பக்கவாட்டில் நின்று, சுருக்கமான அசைவோடு) வீசினார். பிட்சரை வளர்ப்பது என்றால் இது. இதில் பாதியை 2010க்கு முன்னால் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நாம் இந்த இழையில் பேசிக்கொண்டே இருக்க மாட்டோம்.

கணக்குப்பிள்ளை:
இடதுகை சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஆனால் ஸ்ட்ராஸ்பர்க் கற்றுக்கொள்ள அத்தனை வருஷம் எப்படிக் கிடைத்தது? கை இருந்ததால்தான். 2019இல் 209 இன்னிங்ஸ், அதற்கு மேல் அக்டோபரில் 36⅓. ஐந்து வெற்றி, தோல்வி இல்லை, வேர்ல்ட் சீரிஸின் சிறந்த வீரர். ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டத்தில் 8⅓ இன்னிங்ஸ் வீசியதை மறக்க முடியுமா?

எதிர்ப்பக்கத்தில் மெட்ஸ் பிட்சர் மேட் ஹார்வியைப் பாருங்கள். 2013 அக்டோபரில் அதே அறுவை, 2014 முழுக்க ஓய்வு. 2015இல் 180 இன்னிங்ஸ்தான் வரம்பு என்று அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போரஸ் சொன்னபோது நியூயார்க்கே கொந்தளித்தது. சுயநலக்காரன் என்றார்கள். அக்டோபரையும் சேர்த்து 216 வீசினார். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ரன்னே இல்லாமல் வீசிவிட்டு, ஒன்பதாவதையும் நானே வீசுவேன் என்று மேனேஜர் டெரி காலின்ஸிடம் அடம்பிடித்து இறங்கினார். ஒரு வாக், ஒரு டபுள் (இரண்டாம் தளம் வரை போகும் அடி), கோப்பை போயே போச்சு. 2016இல் தோள்பட்டை நரம்புக்கு அறுவை. பழைய ஹார்வி திரும்பவே இல்லை.

மேரிலாந்து மைனர்:
ஹார்வியை நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். அவரைப் படுக்க வைத்த அதே நரம்புக் கோளாறு ஸ்ட்ராஸ்பர்கையும்தான் படுக்க வைத்தது, 2021இல். ஒருவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள், இன்னொருவரை ஓட ஓட விரட்டினார்கள், இருவரும் ஒரே வார்டில். 2019இல் மொத்தம் 245⅓ இன்னிங்ஸ், உடனே 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் (எழுதி வைத்த மாதிரி பொருத்தம்). அதற்குப் பிறகு எட்டே ஆட்டம், 31⅓ இன்னிங்ஸ். 2019இல் யாராவது அவரை நிறுத்தினார்களா? இல்லை. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வீச விட்டார்கள். 2012லும் அதே தூரம்தான்.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். 160தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஏன் ஏப்ரலிலேயே செலவழிக்க வேண்டும்? அட்லாண்டா அணி தன் பிட்சர் கிரிஸ் மெட்லனை எப்படி வைத்திருந்தது? அவருக்கும் 2010இல்தான் அறுவை. ஜூலை வரை புல்பெனில் வைத்துவிட்டு அப்புறம் ரொட்டேஷனில் ஏற்றினார்கள். 138 இன்னிங்ஸ், 10 வெற்றி, 1 தோல்வி. பிளேஆஃபிலும் வீசினார்.

கணக்குப்பிள்ளை:
மெட்லனுக்கு 2014 மார்ச்சில் இரண்டாவது டாமி ஜான்.

மேரிலாந்து மைனர்:
நடுவில் 2013இல் 197 இன்னிங்ஸ் வீசிய பிறகு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, தனிமடலில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதாகப் புகார் வந்திருக்கிறது. அதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது கைக்கு இன்னும் ஆபத்து, ஒழுங்கான இடைவெளியில் வீசுவதுதான் பாதுகாப்பு என்பது ரிஸ்ஸோ அன்றைக்கே கொடுத்த பதில். சூடுபடுத்துவது, ஆற விடுவது, மறுபடி சூடுபடுத்துவது. அறுவை செய்த கைக்கு இது நல்லதா என்று இடதுகை சொல்லட்டும்.

இடதுகை:
நடுவில் நிறுத்துவது நல்லதில்லை. தாமதமாகத் தொடங்குவது வேறு விஷயம்.

மேரிலாந்து மைனர்:
அதைத்தான் சொல்ல வந்தேன். 28 ஆட்டத்தில் 159⅓ என்றால் ஆட்டத்துக்கு ஆறுக்குக் கொஞ்சம் கீழே. மே நடுவில் தொடங்கியிருந்தால் ஏழெட்டு ஆட்டம் மிச்சம், நாற்பது இன்னிங்ஸ் கையிருப்பு. அக்டோபர் முழுமைக்கும் போதும். அந்த இடத்தில் வீச ஆள் இல்லையா? ஜான் லானன், 50 லட்சம் டாலர் சம்பளத்தில் சிராக்யூஸ் மைனர் லீகில் உட்கார்ந்திருந்தார். செப்டம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் இடத்துக்கு வந்ததும் அவர்தான். ஏப்ரலில் கூப்பிட்டிருக்கலாம்.

கூப்பிடவில்லை, ஏனென்றால் அந்த அணி அக்டோபருக்குப் போகும் என்று அதை உருவாக்கியவர்களே நம்பவில்லை. போகாத அணிக்குப் போட்ட திட்டம் அது. முதலிடத்துக்கு வந்த பிறகும் அதை மாற்றவில்லை. எச்சரிக்கையாக இருந்தார்கள் என்று இதைப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குப்பிள்ளை:
லானனை ஏப்ரலில் இறக்கியிருந்தால் 98 வெற்றி வந்திருக்குமா? அட்லாண்டா 94 வெற்றியோடு பின்னாலேயே நின்றது. டிவிஷனில் (நம் பிரிவில்) முதலிடம் போயிருந்தால், தோற்றால் வெளியே என்ற ஒரே ஆட்ட வைல்ட் கார்டு, அந்த வருஷம்தான் புதிதாக வந்தது. அட்லாண்டா அதில் ஒரே மாலையில் வெளியே போனது, ஞாபகம் இருக்கிறதா?

செயின்ட் லூயிஸ் செல்வி:
இருக்கிறது. அவர்களை அனுப்பியதும் நாங்கள்தான்.