துகளும் வெப்பமும்: உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிந்தது?

செங்காங் அம்மா:
உயர்நிலை ஒன்று படிக்கும் என் மகள் குளிர்ந்த நீருக்கும் சுடுநீருக்கும் துகள் படம் வரைந்தாள், அதாவது நீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களை வட்டங்களாக வரைந்தாள். சுடுநீரில் மட்டும் வட்டங்கள் பெரிதாக இருந்தன. "சூடானா விரியும்னு படிச்சோமே அம்மா" என்றாள். நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். விரிவது பொருள், துகளின் அளவு மாறுவதில்லை. வெப்பம் ஏற ஏறத் துகள்கள் வேகமாக அசைகின்றன, அதனால் ஒன்றிலிருந்து ஒன்று சற்றே விலகுகின்றன.

இதைச் சொல்லிக்கொண்டிருப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. ஒரு கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீர், இன்னொன்றில் சுடுநீர். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, கேசரிப் பவுடர் கரைசலை ஆளுக்கொரு சொட்டு விட்டோம், கரண்டி போடவில்லை. சுடுநீரில் நிறம் சீக்கிரமே பரவிவிட்டது. ஐஸ் தண்ணீரில் வெகுநேரம் அடியிலேயே கிடந்தது. (சுடுநீருக்குள் ஓடும் நீரோட்டமும் நிறத்தை இழுத்துப் போகும். அதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.)

அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: "கண்ணுக்கே தெரியாத துகள் அசையுதுன்னு முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

தெம்பனிஸ் தம்பி:
அருமையான கேள்வி அக்கா. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துணுக்குகள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். நீரின் துகள்களான மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால்தான் அந்தத் துள்ளல் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கோடு விளக்கினார்.

நான் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்கள் தடுமாறும் இடம் கொதிநிலை. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பமானியோ 100 டிகிரியில் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் அந்த ஆற்றல் எங்கே போகிறது? துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பை மீறி அவற்றைப் பிரிக்கப் போகிறது. வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலை, அதாவது அவை அசைவதால் பெற்றிருக்கும் ஆற்றலைக் காட்டும் அளவு. அந்த நேரத்தில் இயக்க ஆற்றல் கூடவில்லை, அதனால் வெப்பநிலையும் ஏறவில்லை. ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர ஏறக்குறைய 420 கிலோஜூல் போதும். அதையே முழுக்க ஆவியாக்க இன்னும் சுமார் 2,260 வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல்! நீராவி கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவது இதனால்தான். தோலில் பட்டுத் திரும்ப நீராகும்போது அவ்வளவு ஆற்றலையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. பிள்ளைகள் சமையலறைக்குள் வரும் வயது, இதை அவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உட்லண்ட்ஸ் அப்பா:
நம் சிங்கப்பூரில் இதற்குப் பரிசோதனைக்கூடமே தேவையில்லை. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என் மகனின் மூக்குக்கண்ணாடி மூடுபனி போல் மங்கிவிடும். வெளிக்காற்றிலுள்ள நீராவித் துகள்கள் குளிர்ந்த கண்ணாடியில் மோதி ஆற்றலை இழக்கின்றன, வேகம் குறைந்து ஒன்றோடொன்று ஒட்டித் துளியாகின்றன. அவனே சொன்ன விளக்கம் இது.

வியர்வை இதற்கு நேர்மாறு. வேகமான துகள்கள்தான் முதலில் தப்பிப் போகும், மிஞ்சியவற்றின் சராசரி ஆற்றல் குறையும், உடம்பு குளிரும். ஆனால் இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். போன துகளுக்குப் பதில் நிறையத் துகள்கள் தோலுக்கே திரும்பி வருகின்றன. அதனால்தான் 32 டிகிரியிலேயே இவ்வளவு புழுக்கம். சரி, மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லையே, பிறகு ஏன் சுகமாக இருக்கிறது என்று அவனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோலுக்குப் பக்கத்துல இருக்கற ஈரக் காத்தைத் தள்ளிவிடுதுப்பா" என்றான்.