குன்னூர் ஏற்றத்தில் இழுவை குறைகிறது: ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு எந்த டர்போ பொருத்தலாம்?

குன்னூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். புதிதாக வந்தபோது 150 குதிரைத்திறன். கோவையில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மட்டும் பழைய கே03 வகைதான்.

மேட்டுப்பாளையத்தில் பூஸ்ட் மீட்டர் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தைக் காட்டுவது) 1 பார் வரை ஏறுகிறது. கல்லாறு தாண்டி, பர்லியார் தாண்டி, குன்னூரை நெருங்கும்போது 0.7-க்கு மேல் முள் நகர்வதில்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பி இரண்டாம் கியரில் மிதித்தால் வண்டி யோசித்துக்கொண்டே நிற்கிறது. பின்னால் அரசு பஸ் ஹாரன் அடிக்கிறது.

நண்பர் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிய ஜிடி2871ஆர் என்ற பெரிய டர்போவைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? 300 குதிரைத்திறன் வரும் என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை கோவை போய் வருகிறேன். மற்ற நாள்களில் ஊட்டி, கோத்தகிரி சாலைகள்தான்.

கேத்தி மலை:
தம்பி, நண்பரிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.97 பார். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அங்கே 0.81. ஊட்டியில் 0.77 தான். மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் கூடுதலாக எவ்வளவு என்பதை மட்டும். கீழே 1 பார் என்றால் எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 1.97. அதே 1.97 குன்னூரில் வேண்டுமென்றால் மீட்டர் 1.16 காட்ட வேண்டும்.

டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசருக்கு முக்கியம் உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியேறும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். கீழே அது 2.03, குன்னூரில் 2.43, ஊட்டியில் 2.56. அந்த விகிதத்தை எட்ட கே03 இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதன் சக்கரம் சிறியது, ஏற்கெனவே எல்லையில் ஓடுகிறது. வேகம் எல்லை மீறினால் பேரிங் போய்விடும். அதனால்தான் ஈசியூ உயரத்தில் பூஸ்ட் இலக்கைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. முள் 0.7-இல் நிற்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

இன்னொன்று. கம்ப்ரசர் வரைபடங்கள் (எந்த விகிதத்தில் எவ்வளவு காற்று தள்ளும் என்று காட்டுபவை) கடல்மட்டக் காற்றை ஒட்டி வரையப்பட்டவை. எஞ்சின் 6,000 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடும்போது 1.97 பாருக்கு உங்கள் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.5 கிலோ காற்று தேவை. குன்னூரில் வரைபடத்தைப் பார்க்கும்போது அதை 0.81-ஆல் வகுத்து, 13 கிலோ என்ற இடத்தில் பார்க்க வேண்டும். கீழே பொருந்தும் டர்போ மேலே திணறுவது இதனால்தான்.

அப்படியானால் பெரியதாகவே வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் 2871ஆரின் கம்ப்ரசர் சக்கரம் 71 மில்லிமீட்டர். 1.8 லிட்டர் எஞ்சினில் அது விழித்தெழ 3,500 சுற்றுக்கு மேல் ஆகும். கொண்டை ஊசி வளைவிலிருந்து நீங்கள் வெளியே வருவது இரண்டாம் கியரில், 25 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 1,800 சுற்றில். அடுத்த வளைவு வரும் வரை டர்போ தூங்கிக்கொண்டே இருக்கும்.

என் பரிந்துரை: பழைய ஆடி (Audi) கார்களான டிடி 225, எஸ்3 ஆகியவற்றில் வந்த கே04-02 வகை டர்போ. அதற்கு, எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் மேனிஃபோல்டும் சேர்த்து மாற்ற வேண்டும், குழாய் வேலையும் உண்டு. ஆனாலும் மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் ஓடும் காருக்கு அதுதான் அளவு.

பழைய பட்டறை:
கேத்தி ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டர்போ வாங்குவதற்கு முன்பு இப்போது இருப்பது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் எத்தனையோ பேர் நல்ல டர்போவைக் கழற்றி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சிறிய காற்றுக்கசிவு சமவெளியில் தெரியாது. வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுழற்றாமல் புகையை விலக்கிவிடும் கதவு) ஈசியூ இன்னும் கொஞ்சம் மூடிச் சரிக்கட்டிவிடும். மலையில் அப்படிச் சரிக்கட்ட டர்போவிடம் மிச்சம் எதுவும் இருக்காது. கசிவு அங்கேதான் வெளிப்படும்.

முதலில் டைவர்ட்டர் வால்வை (ஆக்சிலரேட்டரை விட்டதும் மிச்ச அழுத்தக் காற்றைத் திருப்பிவிடுவது) கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் மேலே தள்ளி, வாக்குவம் குழாய் மாட்டும் சிறிய மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு பிஸ்டனை விடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. பிறகு இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே கையில் ஒட்டுகிறதோ அங்கே கசிவு.

வெலிங்டன் இறக்கம்:
கே04 போட்டாலும் பூஸ்டை அளவோடு வையுங்கள். இந்த எஞ்சினின் கனெக்டிங் ராடுகள் (எஞ்சின் பிஸ்டன்களைக் கிராங்குடன் இணைப்பவை) மெல்லியவை. குறைந்த சுற்றில் திடீரென்று ஏறும் டார்க்தான் (சுழற்று விசை) அவற்றை வளைக்கும். 400 நியூட்டன் மீட்டரை நெருங்க வேண்டுமென்றால் ராடுகளை மாற்றிவிட்டுத்தான். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயையும் புதிதாகப் போடுங்கள். பழைய குழாயில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் சில வாரங்களில் போய்விடும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவையும் படித்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றினால் விபத்துக் காப்பீடு கேட்கும்போது சிக்கல். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

குன்னூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே பனிமூட்டம் கலையும் முன்பே வால்வைக் கழற்றினேன். மூக்கை மூடியும் பிஸ்டன் மூன்று விநாடிகளில் இறங்கிவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: ரப்பரில் நகக்கண் அளவுக்கு, பிறைபோல ஒரு கிழிசல். இன்டர்கூலரின் கீழ் ஹோஸ் கிளாம்ப்பும் தளர்ந்திருந்தது. கையெல்லாம் கறுப்பு எண்ணெய்.

புது வால்வு போட்டு கிளாம்ப்பை இறுக்கினேன். நேற்று கல்லாறிலிருந்து ஏறினேன். குன்னூர் அருகே 0.85 காட்டியது. வளைவிலிருந்து வெளியே வரும்போது முன்பிருந்த அந்தத் தயக்கம் பாதிக்கு மேல் போய்விட்டது. 2871ஆர் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

ஐயா, ஒரு கேள்வி. கே04-02 போடும்போது இப்போதுள்ள பக்கவாட்டு இன்டர்கூலர் போதுமா?

கேத்தி மலை:
போதாது, தம்பி. மேலே விகிதம் அதிகம் என்பதால் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றும் அதிகச் சூடாக வரும். ஊட்டிக் குளிர் ஓரளவு உதவும். ஆனால் ஏற்றத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சிறிய இன்டர்கூலருக்குக் காற்றே எட்டாது. முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கும் வகையைப் பாருங்கள். பம்பரின் உள்பக்கத்தை அளந்து அனுப்புங்கள், எந்த அளவு பொருந்தும் என்று சொல்கிறேன்.