மறு: 'கன்'னுக்குத் தமிழ்ப்பெயர் – நிலைமின் பாய்ச்சி?

அனைவருக்கும் வணக்கம். உடலில் சேர்ந்து, தொட்டதும் சுள்ளென்று பாயும் நிலைமின்சாரத்தை மின்னணுக் கருவிகள் தாங்குமா என்று சோதிக்க, அதே போன்ற அடியைக் கொடுக்கும் கைக்கருவிதான் 'கன்' (ESD gun). அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

சுங்கைப்பட்டாணி அண்ணன் சொன்ன 'மின்துப்பாக்கி' வாயில் சுலபமாக வருகிறது. ஆனால் அதைக் கேட்டதும் காவலர்கள் ஆளை முடக்கப் பயன்படுத்தும் கருவிதான் நினைவுக்கு வரும். 'மின்னிறக்கி' என்றால் இன்னொரு சிக்கல்: இறக்கு மின்மாற்றி என்று படித்தவர்கள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி என்றே எடுத்துக்கொள்வார்கள். 'நிலைமின் பாய்ச்சி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. நிலைமின் பாடநூலில் உள்ள சொல். பாய்ச்சுவது அந்தக் கருவி செய்யும் வேலை.

அதைவிட முக்கியம், அது பாய்ச்சும் இரண்டு முறைகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். முனையைப் பொருளின் உலோகத்தில் அழுத்தி வைத்து விசையை அழுத்தினால் உள்ளே ரிலே 'டொக்'கென்று மூடி மின்சாரம் நேராக இறங்குகிறது. இதைத் தொடுபாய்ச்சல் என்போம். மின்னேற்றிய முனையைப் பொருளை நோக்கி வேகமாகக் கொண்டுபோனால் பொறி இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. இது தாவுபாய்ச்சல். முன்னதற்குக் கூர்முனை, பின்னதற்கு உருள்முனை.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் கூலிமில் இது வெறும் சொல் ஆசை இல்லை. உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு வேலைக்குப் போகும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கையில் பழைய பாய்ச்சிகளும் வந்து சேர்கின்றன. தகட்டில் 'ஐஇசி 801-2' (IEC, அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையத்தின் நிலைமின் சோதனைத் தரநிலை) என்று மட்டும் இருந்தால் ஆண்டைத் தேட வேண்டும். 1984 பதிப்பின்படி செய்தது என்றால் 150 பிக்கோஃபாரட் மின்தேக்கி, 150 ஓம் தடை, தாவுபாய்ச்சல் மட்டும்தான். தொடுபாய்ச்சலும் 330 ஓமும் 1991 பதிப்பில்தான் வந்தன. 1995இல் அது 1000-4-2 ஆகி, இப்போது 61000-4-2. ஆக, இரண்டு பாய்ச்சிகளையும் 8 கிலோவோல்ட்டில் வைத்தாலும் பொருளின் மேல் விழும் அடி வேறு. புதிய முறையில் 8 கிலோவோல்ட் தொடுபாய்ச்சலின் முதல் உச்சம் 30 ஆம்பியர். ஒரு நானோநொடிக்குள் எகிறிவிடும். பழையதில் ஏற்றம் மெதுவானது. 100 பிக்கோஃபாரட், 1500 ஓம் என்று குறித்திருந்தால் அது மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் 'மனித உடல் மாதிரி' (human body model) என்ற வேறொரு சோதனைக்கான அமைப்பு. முழுக் கருவிக்கு அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

தாவுபாய்ச்சலில் நம் ஊர் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. தரநிலை கேட்பது 30 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம். மழை விட்டதும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால், அளவுகுமிழ் அதே இடத்தில் இருந்தாலும் அடி அதே மாதிரி இருக்காது. குறிப்பேட்டில் 'கன் 8' என்று எழுதிவிட்டுப் போனால் அடுத்த ஷிப்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. 'தாவு 8' என்றால் உடனே ஈரப்பதத்தைக் கேட்பார்.

மேலே சொன்ன பழைய பதிப்புப் பாய்ச்சி சான்றிதழுக்கு உதவாது, பலவீனமான இடத்தைக் கண்டுபிடிக்க நன்றாக உதவும். தரைக்கம்பியை முதலில் மாட்டுங்கள், அப்புறம் 2 கிலோவோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். இதயமுடுக்கி வைத்திருப்பவர் பக்கத்தில் நிற்கவே கூடாது.

ஒன்று பாக்கி. சில பாய்ச்சிகளில் மின்தேக்கியும் தடையும் சேர்ந்த, கழற்றி மாட்டும் சிறு பெட்டி உண்டு. 'பாய்ச்சுக்கூடு' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு முழுத் திருப்தி இல்லை. வேறு சொல் தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.