தாத்தா பெட்டியில பழைய சர்க்கஸ் நோட்டீஸ், என்ன பண்றது?

கீழக்கரைக்காரன்:
தாத்தாவோட டிரங்குப் பெட்டியில ஜெமினி சர்க்கஸ் நோட்டீஸ் ஒண்ணு, பார்ல (அந்தரத்துல ஆடுற ஊஞ்சல் கம்பி) தொங்குற பொண்ணு போட்டோ ஒண்ணு கெடச்சுச்சு, வருஷம் போடல, சிங்கம் யானை படமெல்லாம் இருக்கு. உப்புக்காத்துல ஓரமெல்லாம் பொடியுது, லேமினேட் பண்ணிரவா?

தொண்டி மாப்ள:
அய்யோ லேமினேட் மட்டும் வேணாம்ணே, சூட்டுல ஒட்டிட்டா பிரிக்கவே முடியாது. மொதல்ல ஸ்கேன் எடுங்க, அப்புறம் ஆசிட் இல்லாத பேப்பர் நடுவுல வச்சு சிலிக்கா ஜெல் போட்டு காத்துப் புகாத டப்பால வைங்க. டிரங்குப் பெட்டி நம்மூர்ல துருப்பிடிச்சே கெடுத்துரும்.

மண்டபம் அக்கா:
தம்பி, ஜெமினி ஆரம்பிச்சதே 1951லதான், அதுக்கு முந்தினதா இருக்காது. சிங்கம் புலி வித்தைக்கு 1990கள்ல தடை வந்துருச்சு, அதனால நடுவுல எப்பவோ வந்தது. அந்தப் பொண்ணு கேரளாவுல இருக்குற தலச்சேரியா இருக்கலாம், கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901ல அங்க சர்க்கஸ் பள்ளி தொடங்குனதுல இருந்து பார் ஆடுறவங்க நெறைய அந்தப் பக்கம்தான் (எங்க அம்மா சர்க்கஸ்னாலே மலையாளத்துக்காரங்கன்னுதான் சொல்லும்). போட்டோவுக்குப் பின்னாடி ஸ்டுடியோ சீல் இருக்கா பாருங்க.

கீழக்கரைக்காரன்:
சீல் இல்லக்கா, பென்சில்ல மலையாளத்துல ஏதோ எழுதிருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?