கைடோட ஹெச்-இண்டெக்ஸ் 52, இன்னொருத்தருக்கு 19: எதை நம்புறது?

நெல்லைப்பொண்ணு
எம்.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சு ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கியாச்சு. புற்றுநோய் உயிரியல்ல பிஎச்டி பண்ண, கைடா இருக்க ரெண்டு பேர் சரின்னுட்டாங்க, ஒரு சார், ஒரு மேடம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற கூகுள் ஸ்காலர்ல சாருக்கு 21,000 சைட்டேஷன் (அவர் கட்டுரைகளை மத்தவங்க மேற்கோள் காட்டினது), ஹெச்-இண்டெக்ஸ் 52. மேடத்துக்கு 1,400, ஹெச்-இண்டெக்ஸ் 19. "இதுவும் மார்க் மாதிரிதானே, கூட இருக்கிற எடத்துக்குப் போ"ங்கிறார் அப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். மார்க் மாதிரிதானா?

ரவி_பயோடெக்
52ஐ விட்டுட்டு யோசிக்கிறீங்களா? கண்ணை மூடிட்டுச் சேருங்க.

பிப்பெட்_அக்கா
கண்ணை மூடாதே தங்கச்சி. நான் அப்படித்தான் ஒரு எடத்துல சேர்ந்தேன். முதல் வருஷத்துல கைடை நேர்ல பார்த்தது நாலு தடவை.

ஹெச்-இண்டெக்ஸ் 19ன்னா, ஒவ்வொண்ணும் 19 சைட்டேஷனாவது வாங்கின கட்டுரை 19 இருக்கு. அவ்வளவுதான். 2005ல ஹோர்ஹே ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் போட்ட கணக்கு. ஆனா மொத்த சைட்டேஷனை ஒரே கட்டுரைகூட ஊதிவிட்டுடும். அதனால சாரோட பக்கத்துல மேல இருக்கிற நாலஞ்சு கட்டுரையைத் திற. ஆசிரியர் பட்டியல் முடியாம ஓடுதா? உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரி கூட்டு ஆய்வுகள்ல நூத்துக்கணக்கானவங்க பேர் இருக்கும். வர்ற சைட்டேஷன் அத்தனை பேர் கணக்குலயும் முழுசா ஏறும். அவங்க வேலை செய்யலைன்னு சொல்லல. ஆனா உனக்கு லேப்ல புரதத்தைக் கண்டுபிடிக்கிற வெஸ்டர்ன் பிளாட் சோதனையைச் சொல்லித்தரப் போறவர் அவர்தானான்னு அந்த நம்பர் சொல்லாது.

எதுக்காக சைட் பண்றாங்கன்னும் பாரு. நம்ம துறையில பாதிக் கட்டுரை "உலகளவில் புற்றுநோய்..."னுதான் ஆரம்பிக்கும். அந்த முதல் வரிக்கு எல்லாரும் காட்டுறது கிளோபோகன்கிற உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரம். அதை வெளியிட்ட அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோட 'சிஏ' இதழுக்கு 2020 இம்பாக்ட் ஃபேக்டர் (இதழோட ஒரு கட்டுரைக்குச் சராசரியா வர்ற சைட்டேஷன்) 508.7. அதே வருஷம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குச் சுமார் 91தான். என் தீசிஸ்லயும் கிளோபோகன் இருக்கு. அந்தக் கட்டுரையை நான் முழுசாப் படிச்சதே இல்ல, சுருக்கத்துல இருந்த எண்ணிக்கையை எடுத்துக்கிட்டேன்!

இன்னொண்ணு. அந்த மாதிரித் தொகுப்புக்கு அடிப்படை ஊர் ஊரா இருக்கிற புற்றுநோய்ப் பதிவேடுகள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நடத்துற சென்னைப் பதிவேடு 1980கள் தொடக்கத்துல இருந்து ஓடுது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதுறவங்க அவங்க. சைட்டேஷன் போய்ச் சேர்றது கடைசியில தொகுக்கிறவங்களுக்கு.

பழைய கதை ஒண்ணும் சொல்றேன். பெய்டன் ரவுஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், கோழிக்கு வர்ற புற்றுநோய்க் கட்டி வைரஸால வருதுன்னு 1911ல எழுதினார். ரொம்ப காலம் யாரும் பெருசா எடுத்துக்கல, அவரே வேற ஆராய்ச்சிக்குப் போயிட்டார். நோபல் கிடைச்சது 1966ல. 1915ல ஸ்காலர் இருந்திருந்தா உங்கப்பா அவர்கிட்ட சேர விட்டிருப்பாரா?

நீ பார்க்க வேண்டியது கடைசி அஞ்சு வருஷக் கட்டுரைங்க. ஆசிரியர் பட்டியல்ல முதல் பேர் மாணவரோடதா, கடைசிப் பேர் கைடோடதா? அந்த மாணவர்கள் பிஎச்டி முடிச்சாங்களா, எத்தனை வருஷத்துல? ரெண்டு பேருக்காவது போன் போடு. மெயில்ல யாரும் உண்மை எழுத மாட்டாங்க.

நெல்லைப்பொண்ணு
நன்றி அக்கா. ஒரு குழப்பம், மேடம் பேர்ல ரெண்டு ப்ரொஃபைல் வருது. ஒண்ணுல 2011க்கு அப்புறம் கட்டுரையே இல்ல.

நூலக_மாமா
ஆராய்ச்சி நிறுவன நூலகத்துல இருந்து ஓய்வு பெற்றவன்மா. இது நம்ம ஊர் இனிஷியல் வியாதி. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல்ல எழுதியிருப்பாங்க, அப்புறம் கணவர் இனிஷியல். மெஷினுக்கு அது ரெண்டு பேர். இனிஷியலை எந்தக் கட்டத்துல போடணும்னு தெரியாம குடும்பப் பெயர்ல போட்டு, மூணாவது ஆளாவும் ஆனவங்களை நான் பார்த்திருக்கேன். இதுக்கு நேர்மாறா, எஸ். குமார்னு தேடினா ஊர்ல உள்ள குமார் எல்லாம் ஒரே ஆளா நிப்பாங்க. ஆர்க்கிட்னு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருத்தருக்கும் 16 இலக்க அடையாள எண் ஒண்ணு இருக்கு, 2012ல வந்தது, அதைக் கேட்டு வாங்கிப் பாரு. ரெண்டையும் சேர்த்தா மேடத்தோட 19 கூடலாம். ஸ்கோபஸ்ங்கிற இன்னொரு கட்டுரைத் தரவுதளத்துல பார்த்தா ரெண்டு பேருக்குமே குறையும், பயப்படாதே. ஸ்காலர் தீசிஸ், ப்ரீபிரிண்ட் (இதழ்ல வர்றதுக்கு முன்னாடியே இணையத்துல போடுற கட்டுரை) எல்லாத்தையும் எண்ணும்.

நீயும் முதல் கட்டுரை போடும்போதே ஒரே பேர்ல போடு. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படி.

ரவி_பயோடெக்
சரி, நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா பிஎச்டிக்கு அப்புறம் போடுற போஸ்ட்டாக் விண்ணப்பத்துல கைடு பேர் எடுபடும், அதையும் மறக்காதீங்க.

பிப்பெட்_அக்கா
ரவி சொல்றது பொய் இல்ல. எடுபடும்.

நெல்லைப்பொண்ணு
பார்த்துட்டேன். சாரோட 21,000ல சுமார் 17,000 நாலே கூட்டுக் கட்டுரையில வந்தது. மிச்சமும் நல்லாத்தான் இருக்கு, ஆனா கடைசி அஞ்சு வருஷத்துல மாணவர் முதல் பேரா இருக்கிறது ரெண்டே ரெண்டு. மேடத்துக்கிட்ட ஏழு. ரெண்டு சீனியர்ங்ககிட்ட பேசினேன். சாரோட மாணவர் "அண்ணா ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடுறேன்மா"ன்னார், கூப்பிடல. மேடத்தோட மாணவி முக்கால் மணி நேரம் பேசினாங்க, அதுல பாதி மேடத்தைத் திட்டித்தான். ஆனா ஒவ்வொரு சனிக்கிழமையும் டேட்டாவோட உட்காருவாங்களாம், தப்பிக்கவே முடியாதாம்.

மேடத்துக்கு மெயில் போட்டாச்சு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.